நகல் சரி என்று கையெழுத்துப் போட்டது யார்?

போன மாதம் என் தங்கை மகன் வீட்டுத் திண்ணையில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. நிலத்தகராறு, வரப்புத் தகராறு என்றால் நம் வில்லியனூர்ப் பக்கத்தில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இது 0.08 மில்லிமீட்டர் தகராறு. நாம் மனு எழுதுகிற வெள்ளைத்தாளின் கனமே ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் இருக்கும். அதைவிடக் குறைவான ஓர் உயரத்துக்காக ஒரு பையனின் இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். பையன் பாகூர் பக்கம். ஐ.டி.ஐ. முடித்தவன். அப்பா ஏரித் தண்ணீரை நம்பி நெல் போடுகிறவர். பெயர் வேண்டாம்.

தங்கை மகனுக்குத் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பட்டறை. இரண்டு விஎம்சி மெஷின், ஒரு லேத், நான்கு ஆட்கள். வெளியூர்க் கம்பெனிகள் படம் அனுப்பும். இவர்கள் அலுமினியக் கட்டியைக் கடைந்து பாகம் செய்து கொடுப்பார்கள். படம் என்றால் நம் காலத்து நீலத்தாள் இல்லை. கம்ப்யூட்டருக்குள் முழு உருவமாக இருக்கும். சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். அதற்குச் சாலிட் மாடல் என்று பெயர். அதை வரைகிற சாப்ட்வேர் கேட். அந்த உருவத்தைப் பார்த்து, கத்தி எந்த வழியாகப் போகவேண்டும், எவ்வளவு ஆழம் இறங்கவேண்டும் என்று மெஷினுக்குக் கட்டளை எழுதுகிற சாப்ட்வேர் கேம். வரைகிறவர் ஓர் ஊரில் ஒரு கம்பெனி சாப்ட்வேர் வைத்திருப்பார், வெட்டுகிறவர் வேறு ஊரில் வேறு கம்பெனி சாப்ட்வேர் வைத்திருப்பார். ஒன்றின் பாஷை மற்றதற்குத் தெரியாது. அதனால் நடுவில் ஒரு பொதுப்பாஷையில் ஃபைலை எழுதி அனுப்புவார்கள். இந்தக் கதை முழுவதும் அந்த நடுவழியில்தான்.

சென்னையில் ஒரு கம்பெனி, பிரான்சிலிருந்து வந்த ஒரு ஆர்டரை இவர்களிடம் தள்ளிவிட்டது. அறுபது உருப்படி. பெட்டி மாதிரி ஒரு பாகம். மூடி உட்காரும் இடத்தில் ரப்பர் வளையத்துக்கு ஒரு பள்ளம். ஃபைல் வந்தது. பையன் திறந்தான். உருவத்தின் மேல் அங்கங்கே சிவப்புக் கோடு, அதாவது அந்த இடங்களில் தோல் ஒட்டவில்லை, ஓட்டை. கேம் சாப்ட்வேர் கணக்குப் போட மறுத்தது. அவன் சென்னைக்குப் போன் செய்தான். "எங்க கிட்ட சரியா இருக்கு, உங்க சாப்ட்வேர் பிரச்சினை, நீங்களே ஹீல் பண்ணிக்குங்க" என்று பதில். ஹீல் என்றால் ஓட்டையைத் தைக்கிற பொத்தான். எவ்வளவு இடைவெளி வரை தைக்கலாம் என்று அதில் ஓர் அளவு கொடுக்கவேண்டும். 0.01 கொடுத்தான், மூடவில்லை. 0.05 கொடுத்தான், இரண்டு ஓட்டை பாக்கி. 0.1 கொடுத்தான். எல்லாம் மூடிக்கொண்டது, பச்சை விளக்கு எரிந்தது.

அந்தப் பாகத்தில் ரப்பர் வளையத்தைச் சுற்றி ஒரு சின்ன மேடை இருந்திருக்கிறது. 0.08 மில்லிமீட்டர் உயரம். மூடி முதலில் அதன் மேல்தான் உட்காரவேண்டும். 0.1 வரைக்கும் உள்ள இடைவெளியெல்லாம் தையல் என்று சொன்னபோது, சாப்ட்வேர் அந்த மேடையின் சுவரையும் ஒரு தையல் பிசிறு என்று நினைத்து மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் ஒன்றாக்கிவிட்டது. மேடை போயே போச்சு. அறுபதும் அழகாக வெட்டி, பளபளவென்று துடைத்து, பெட்டி கட்டி அனுப்பினார்கள். அறுபதும் திரும்பி வந்தன. அலுமினியமும் மெஷின் மணிக்கணக்கும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் என்று தங்கை மகன் கணக்குச் சொன்னான்.

இதில் நான் எப்படி வந்தேன்? நிராகரிப்புக் கடிதத்தோடு மூலப்படத்தின் ஒரு பிரதியையும் இணைத்திருந்தார்கள். குறிப்பெல்லாம் பிரெஞ்சில். "மாமா, இது உங்க பாஷை, இன்னா எழுதியிருக்குன்னு பாருங்க" என்று கொண்டுவந்து நீட்டினான். நான் 1950இல் பிறந்தவன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, அரசாங்கத்தில் 37 வருஷம் எழுத்தராக இருந்து, 2010இல் ஓய்வு பெற்றவன். பிரெஞ்சு எனக்குச் சோறு போட்ட பாஷை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். வெட்டுத்தோற்றத்தின் ஓரத்தில், பூதக்கண்ணாடி வேண்டாம், சாதாரண எழுத்திலேயே இருந்தது: அமரும் பரப்பு 0,08 உயர்த்தப்பட்டது. தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி, பிரெஞ்சுக்காரர் வழக்கம்.

"இந்தத் தாள் உனக்கு எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன்.

"இப்பதான் மாமா. ரிஜெக்ட்டோட வந்துச்சு."

"சென்னைக்காரனுக்கு?"

"அவனுக்கு முதல்லயே வந்திருக்கும்."

ஆக, மூலத்தைக் கையில் வைத்திருந்தவன் அதைத் தராமல், தானே எடுத்த ஒரு கிழிந்த நகலைத் தந்திருக்கிறான். நகல் கிழிந்திருக்கிறது என்று பையன் போன் செய்து சொன்னபோதும் நீயே தைத்துக்கொள் என்றிருக்கிறான். தைத்தவன் குற்றவாளியாம். இந்த நியாயத்தை எதிர்த்துத்தான் எழுதுகிறேன்.

கிழட்டு குமாஸ்தாவுக்குக் கம்ப்யூட்டர் சங்கதியில் என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். இரண்டு மாதமாகப் பேரனை உட்காரவைத்துக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒன்று விளங்கியது: இது கம்ப்யூட்டர் சங்கதியே இல்லை, நகல் எடுக்கும் சங்கதி. அதில் எனக்கு 37 வருஷ அனுபவம் இருக்கிறது.

ஒரு வயல்வெளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயலும் ஒரு முகம். இரண்டு வயலுக்கு நடுவில் ஒரு வரப்பு. வரப்புகள் கூடும் இடத்தில் ஒரு கல். சாலிட் மாடலும் இப்படித்தான். முகம், விளிம்பு, முனை. ஒவ்வொரு விளிம்பும் சரியாக இரண்டு முகத்துக்குப் பொது. எந்த முகத்திலிருந்து கிளம்பினாலும் விளிம்பு தாண்டி விளிம்பு தாண்டி உருவத்தைச் சுற்றி வந்துவிடலாம், எங்கும் விழுந்துவிடக்கூடாது. பல்லவர் காலச் செப்பேடுகளில் எல்லை வகுத்த விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊரைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, தொடங்கிய கல்லுக்கே வந்து சேரவேண்டும். நம் பாகூர்ச் செப்பேடு ஒன்பதாம் நூற்றாண்டு; நிருபதுங்கவர்மன் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு ஊர்களைக் கொடுத்த சாசனம். புகழ்ச்சியெல்லாம் சமஸ்கிருதத்தில் இருக்கும், எல்லையும் உரிமையும் உழுகிறவனுக்குப் புரியும் தமிழில் இருக்கும். எந்தச் செய்தி யாருக்குப் போகவேண்டுமோ அவனுக்குப் புரியும் பாஷையில் முழுதாகப் போகவேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இப்போது அந்த வயல்வெளியை இரண்டு சர்வேயர்கள் தனித்தனித் தாளில் வரைகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் தாளில் வரப்பு ஒரு கோடு. அடுத்தவர் தாளிலும் அதே வரப்பு ஒரு கோடு. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒட்டினால் கோடுகள் பொருந்தாது. ஓரிடத்தில் இடுக்கு விழும், இன்னோரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஐஜெஸ் என்கிற பழைய பொதுப்பாஷையில் ஃபைல் எழுதும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். 1980இல் அமெரிக்காவில் வந்த முறை அது. ஒவ்வொரு முகத்தையும் தனித்தனிப் பட்டாவாக எழுதிக் கொடுத்துவிடும். இந்த முகத்துக்குப் பக்கத்து முகம் எது, எந்த வரப்பு பொது என்கிற சங்கதி வழியில் உதிர்ந்துவிடும். வாங்குகிறவன் குத்துமதிப்பாகத் தைத்துக்கொள்ளவேண்டும்.

1994இல் ஐ.எஸ்.ஓ. 10303 என்ற எண்ணில் ஸ்டெப் என்ற முறை வந்தது. இதில் எது எதற்குப் பக்கம் என்பதும் எழுதப்படும், அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்பதும் எழுதப்படும். எவ்வளவோ மேல். மூன்றாவதாக எஸ்டிஎல் என்று ஒன்று இருக்கிறது. 3டி பிரிண்டருக்காக 1987 வாக்கில் வந்தது. வளைவே தெரியாத பாஷை; உருண்டையைக் கூடச் சின்னச் சின்ன முக்கோணங்களாக நறுக்கிவிடும். அதில் அலகே கிடையாது. 10 என்று இருந்தால் 10 மில்லிமீட்டரா 10 அங்குலமா என்பது உங்கள் அதிர்ஷ்டம். இதை வாங்கி மெஷினில் வெட்டினால் வட்டமான பாகம் பட்டை பட்டையாகப் பலாக்காய்த் தோல் மாதிரி வருமாம். இதையும் அனுப்புகிற மகான்கள் இருக்கிறார்கள்.

சரி, ஸ்டெப் அனுப்பிவிட்டால் கதை முடிந்ததா? சென்னைக்காரர்கள் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள்: "அடுத்த தடவை ஸ்டெப் கொடுக்கறோம் சார், பிரச்சினையே வராது." வரும். எவ்வளவு நெருங்கினால் ஒன்று என்று கொள்வது என்பதில் சாப்ட்வேருக்குச் சாப்ட்வேர் வித்தியாசம். ஒரு சர்வேயர் சாண் தூரத்துக்குள் இருந்தால் ஒரே கல் என்பார், இன்னொருவர் விரற்கடை தள்ளியிருந்தாலும் வேறு கல் என்பார். காட்டியா என்ற பிரெஞ்சு சாப்ட்வேரின் பழக்கமான அளவு 0.001 மில்லிமீட்டர். பாராசாலிட் என்று கேம்பிரிட்ஜில் பிறந்து பல சாப்ட்வேருக்குள் எஞ்சினாக இருக்கிற ஒன்றின் அளவு 0.00001 மில்லிமீட்டர். நூறு மடங்கு கறார். முதலாவதில் ஒட்டியிருந்த விளிம்பு இரண்டாவதுக்குப் போனால் ஓட்டையாகத் தெரிவதில் என்ன அதிசயம்? இரண்டு சாப்ட்வேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கண்ணுக்குத் தெரியாதது இன்னொருவர் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். வேறு சில சாப்ட்வேரில் இந்தக் கறார் உருவத்தின் மொத்த அளவைப் பொறுத்து மாறும். பெரிய உருவத்தில் சின்ன மேடை வரைந்தால் வரையும்போதே அது மங்கலாகிவிடும். அங்கே வரைகிறவரே முன்கூட்டி நிலையான அளவுக்கு மாற்றி வைத்துக்கொள்ளவேண்டும். இதையெல்லாம் அனுப்புகிறவன்தான் செய்யமுடியும். வாங்குகிறவன் கையில் பொத்தான் ஒன்றுதான் இருக்கிறது.

இங்கே என் பாஷைப் பெருமையைக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வளைவுகளைக் கணக்காக எழுதும் வித்தையே பிரெஞ்சுக்காரர் கொடுத்தது. ரெனோ கார்க் கம்பெனியில் பியேர் பெசியே, சித்ரோயேனில் போல் தெ காஸ்தெல்ஜோ. காஸ்தெல்ஜோ 1959இலேயே கண்டுபிடித்துவிட்டார். கம்பெனி ரகசியம் என்று பூட்டிவைத்தார்கள். பெசியே வெளியே சொன்னார், அவர் பெயர் நின்றுவிட்டது. காட்டியாவும் தசோ விமானக் கம்பெனிக்குள் 1977இல் தொடங்கியதுதான். இவ்வளவு கெட்டிக்காரர்களும் நகல் சமாசாரத்தில் கோட்டை விட்ட கதைதான் அடுத்தது.

ஏர்பஸ் ஏ380. இரண்டு அடுக்கு விமானம். ஒரு விமானத்துக்குள் சுமார் 530 கிலோமீட்டர் மின்கம்பி. ஜெர்மனியில் ஹாம்பர்க் காட்டியாவின் நான்காம் பதிப்பில் வரைந்தது. பிரான்சில் துலூஸ் ஐந்தாம் பதிப்பில் வரைந்தது. கம்பெனி ஒன்று, சாப்ட்வேரின் பெயர் ஒன்று, பதிப்பு மட்டும் வேறு. ஹாம்பர்க்கில் கட்டிய கம்பிக் கற்றையைத் துலூஸில் விமானத்துக்குள் இழுத்துப் பொருத்தப் போனால் நீளம் போதவில்லை. வளைந்து திரும்பும் இடங்களில் கணக்கு உதைத்தது. 2006 அக்டோபரில், மொத்தம் ஏறக்குறைய இரண்டு வருஷத் தாமதம், நான்கு வருஷத்தில் லாபத்தில் 480 கோடி யூரோ அடி என்று அறிவித்தார்கள். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது 2007 அக்டோபர் 15ஆம் தேதி. தலைமை அதிகாரிகளின் நாற்காலிகள் ஆட்டம் கண்டன. யாரும் ஹாம்பர்க்கில் கம்பி வெட்டிய தொழிலாளியின் சம்பளத்தைப் பிடித்ததாக நான் படிக்கவில்லை.

"எல்லாரும் ஒரே சாப்ட்வேர் வாங்கினால் தீர்ந்தது" என்று டீக்கடையில் ஒரு இளைஞர் எனக்குப் பாடம் நடத்தினார். தம்பி, ஒரே சாப்ட்வேர் வைத்திருந்த ஏர்பஸ்ஸுக்கே அந்தக் கதி. அதுவும் போக, ஐந்து வாடிக்கையாளர் ஐந்து சாப்ட்வேர் வைத்திருந்தால் என் தங்கை மகன் ஐந்தையும் வாங்குவதா? ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில். மெஷின் கடனே இன்னும் கட்டி முடியவில்லை. அமெரிக்காவில் 1999இல் கணக்குப் பார்த்தார்கள். கார்த் தொழிலில் மட்டும் இந்த ஃபைல் கோளாறுகளால் வருஷத்துக்குக் குறைந்தது 100 கோடி டாலர் வீண் என்று அவர்கள் அரசாங்க நிறுவனமே சொன்னது. அந்தப் பணம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. ராத்திரி கண்விழித்து ஓட்டை தைத்த ஆட்களின் உழைப்பு அது.

இனி எங்கள் குமாஸ்தா உலகத்துக்கு வருகிறேன்.

பிரெஞ்சு நோத்தேர் எழுதிய பத்திரம் பார்த்திருக்கிறீர்களா? நம் ஊர்ப் பழைய வீடுகளில் தகரப்பெட்டிக்குள் இன்னும் இருக்கும். மூலத்துக்கு மினூய்த் என்று பெயர். அது நோத்தேரை விட்டு வெளியே போகாது. வெளியே கொடுப்பது எக்ஸ்பெதிசியோன், அதாவது கையெழுத்திட்ட நகல். எழுதும்போது ஒரு வார்த்தையை அடித்துவிட்டால் சும்மா விடமாட்டார்கள். கடைசியில் எண்ணி எழுதுவார்கள்: மூன்று வார்த்தை அடிக்கப்பட்டது, செல்லாது. அந்த இடத்தில் சுருக்கக் கையெழுத்து. ஓரத்தில் சேர்த்த வரிக்கும் தனிக் கையெழுத்து. நகல் எடுத்தபின் ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றவர் நகலில் விரல் வைத்துச் சரிபார்க்கவேண்டும். பிறகுதான் மூலத்துக்கு ஒத்தது என்று முத்திரை. இளவயதில் இதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். "வெள்ளைக்காரனுக்கு வேற வேல இல்ல" என்போம்.

சிரித்ததற்கு நானே ஒரு தண்டனை வாங்கினேன். 1970களின் கடைசியில், வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருக்கும். ஒரு பழைய பிரெஞ்சுப் பத்திரத்திலிருந்து நிலத்தின் பரப்பைத் தமிழ்ப் பதிவேட்டுக்கு எடுத்தெழுதினேன். மூலத்தில் 53 ஆர் 51 சாந்தியார் என்று இருந்தது. நம் கணக்கில் சரியாக ஒரு காணி, அதாவது நூறு குழி. சாந்தியார் பத்தி அகலம் குறைவு, மசி வேறு பரவியிருந்தது. 53 ஆர் என்று எழுதிவிட்டு மேலே போய்விட்டேன். என்ன பெரிய வித்தியாசம் என்று மனசில் ஒரு நினைப்பு. 51 சாந்தியார் என்றால் 51 சதுர மீட்டர். ஒரு குழி 576 சதுர அடி, 53 சதுர மீட்டரும் கொஞ்சமும். ஏறக்குறைய ஒரு முழுக் குழி காணாமல் போயிற்று. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது அந்த ஒரு குழி யார் பக்கம் குறைகிறது என்று தகராறு. அதில் ஒரு விதவைத் தாய் ஐந்து மாதம் அலைந்தார். பிறகு மூலத்தை எடுத்துப் பார்த்துத் திருத்தினோம். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "பார்த்து எழுதக்கூடாதா தம்பி" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் 0.08 என்று கேட்டவுடன் எனக்கு ஞாபகம் வந்தது அந்த 51 சாந்தியார்தான்.

காற்புள்ளி விஷயமும் சொல்லவேண்டும். பிரெஞ்சுக்காரர் 1,250 என்று எழுதினால் ஒன்றே கால். நாம் படித்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. இரண்டு ராஜாங்கத்துக்கும் எழுதின எங்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. நாசாக்காரர்களே 1999 செப்டம்பரில் செவ்வாய்க்கு அனுப்பிய ஒரு விண்கலத்தை இப்படித் தொலைத்தார்கள். ஒரு குழு பவுண்டுக் கணக்கில் எழுத, இன்னொரு குழு நியூட்டன் கணக்கு என்று படித்தது.

நோத்தேர் முறையைச் சாலிட் மாடலுக்குக் கொண்டுவர முடியாதா என்று பேரனைக் கேட்டேன். "தாத்தா, அது ஏற்கெனவே இருக்கு, யாரும் செய்யறதில்ல" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கேட் சாப்ட்வேரில் ஒரு உருவத்தின் கனஅளவு, மேற்பரப்பு, எடை மையம் எல்லாம் ஒரு சொடுக்கில் வருமாம். அனுப்புகிறவன் அதை எழுதி அனுப்பவேண்டும். வாங்குகிறவன் தன் சாப்ட்வேரில் திறந்து அதே எண்கள் வருகிறதா என்று பார்க்கவேண்டும். அடித்த வார்த்தையை எண்ணிக் கையெழுத்துப் போடுவதும் இதுவும் ஒன்றுதான். நீளம் அகலம் உயரம் மூன்றையும் ஒப்பிட்டால் அங்குலக் குழப்பம் உடனே பிடிபடும், 25.4 மடங்கு வித்தியாசம் கண்ணில் குத்தாமல் போகாது. 0.08 மேடை போனால் கனஅளவில் சொற்ப வித்தியாசம்தான் வரும், ஆனால் வரும். முக எண்ணிக்கையும் குறையும். அதற்கு முன்னால் அனுப்புகிறவன் தன் ஃபைலைத் தானே ஒருமுறை திரும்பத் திறந்து பார்க்கவேண்டும். கடிதத்தை உறையில் போடுமுன் படித்துப் பார்ப்பது போல. இது ஐந்து நிமிஷ வேலை. திறந்தால் உருவம் முழுத் திண்மமாக வருகிறதா, தனித்தனித் தோலாக வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். சென்னையில் அன்றைக்கு யாராவது இதைச் செய்திருந்தால், பையன் பார்த்த சிவப்புக் கோட்டை அவர்களே பார்த்திருப்பார்கள்.

இரண்டு பக்கத்து சாப்ட்வேருக்குள்ளும் ஒரே எஞ்சின் இருந்தால் பொதுப்பாஷையே வேண்டாம், அந்த எஞ்சினின் சொந்த ஃபைலையே கொடுக்கலாம். பாராசாலிட் உள்ளவர்கள் அப்படிச் செய்கிறார்கள். இல்லாவிட்டால் ஸ்டெப், அதிலும் அளவுத் தாராளங்களையும் குறிப்புகளையும் சேர்த்து எடுத்துப்போகிற ஏபி 242 என்ற புதிய வகை. எழுத்து வேலைப்பாடு, அலங்கார மரை இவற்றை நீக்கிவிட்டு அனுப்பினால் பாதிப் பிசிறு குறையும். மரை போடும் துளையா, சும்மா துளையா, வரைந்திருப்பது எந்த விட்டம் என்று தனியாகச் சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அளவெல்லாம் குறித்த தாள்படம் ஒன்று கட்டாயம் கூடவே வரவேண்டும். "மாடல்தான் மூலம், தாள் எதற்கு" என்று இப்போது ஒரு நாகரிகம் கிளம்பியிருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டருக்குள் இருப்பது மூலம், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பட்டறைக்கு வருவது அதன் நகல். நகலை மூலம் என்று சொல்கிறவர்களை எங்கள் அலுவலகத்தில் ஃபோர்ஜரி கேஸில் பிடிப்பார்கள்.

வாங்குகிறவனையும் நான் விடப்போவதில்லை. தங்கை மகனிடம் நேருக்கு நேராகவே சொன்னேன். கிழிந்த நகல் வந்தால் திருப்பி அனுப்பவேண்டும். தைக்கக்கூடாது. தைத்தே ஆகவேண்டுமென்றால் எந்த இடத்தில், எவ்வளவு அளவில் தைத்தேன் என்று எழுதி, வரைந்தவரிடம் ஒப்புதல் வாங்கவேண்டும். பாகத்தின் மிகச் சின்ன அளவைவிடத் தையல் அளவு பெரிதாக இருக்கவே கூடாது, மேடை 0.08 என்றால் 0.1 ஊசி எடுக்கலாமா? ஆனால் மேடை 0.08 என்று பையனுக்கு யார் சொன்னார்கள்? அவன் கையில் தாள்படம் இல்லையே. முதல் உருப்படியை வெட்டியவுடன் அதை அனுப்பி ஒப்புதல் வாங்காமல் அறுபதையும் வெட்டச் சொன்னது யார்? நாளைக்கே வேண்டும் என்று பறந்தது யார்?

"மாமா, நான் அவங்களை எதிர்த்துப் பேசினா அடுத்த ஆர்டர் வேற ஊருக்குப் போயிடும்" என்றான்.

இதுதான் உண்மையான பதில். மற்றதெல்லாம் பூச்சு. மேலே இருப்பவனிடம் பேசப் பயம், அதனால் கீழே இருப்பவன் சம்பளத்தில் கை வைப்பது. ஆர்டர்க் காகிதத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ஃபைலில் உள்ள குறைகளுக்கு வெட்டுகிறவரே பொறுப்பு. அனுப்பியவன் தப்புக்கு வாங்கியவன் பொறுப்பாம். எந்த நோத்தேராவது இப்படி ஒரு பத்திரம் எழுதியிருந்தால் அவனைக் கொம்யூன் எல்லைக்குள் விட்டிருக்க மாட்டார்கள். தொழிற்பேட்டையில் இருக்கிற பத்துப் பதினைந்து பட்டறைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து, எண்கள் இல்லாத, தாள்படம் இல்லாத ஃபைலை ஒருவரும் வாங்கமாட்டோம் என்று சொன்னால் அந்த வரி தானாகப் போய்விடும். சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஒருவன் மறுத்தால் அடுத்தவன் வாங்கிக்கொள்வான் என்று ஒருவரையொருவர் சந்தேகப்படுகிறார்கள். அந்தச் சந்தேகத்துக்கு வட்டி கட்டுகிறவன் பாகூர்ப் பையன்.

பஞ்சாயத்தில் பையன் அதிகம் பேசவில்லை. "போன் பண்ணேன் ஐயா, அவங்கதான் பண்ணிக்கோன்னாங்க" என்று ஒருமுறை சொன்னான். என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். போனில் பேசியதற்கு என்ன ஆதாரம் இருக்கும்? அன்றைக்கு வாட்சப்பில் ஒரு வரி எழுதியிருந்தாலும் போதும். எழுதினதுதான் நிற்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் தங்கை உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு மகனிடம், "பையன் காசைக் குடுத்துடுடா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஒரு மாதச் சம்பளத்தை மறுநாளே கொடுத்துவிட்டான். இன்னொரு மாதச் சம்பளம் பாக்கி இருக்கிறது. அடுத்த பில் வந்ததும் தருகிறேன் என்கிறான். நானும் வாரத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பட்டறைக்கு ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஸ்கேல் வைத்துப் பத்தி போட்டது நானே: தேதி, ஃபைல் பெயர், பதிப்பு எண், வகை, அலகு, அனுப்பியவர் சொன்ன கனஅளவு, நாம் திறந்தபோது வந்த கனஅளவு, முகங்களின் எண்ணிக்கை, தாள்படம் வந்ததா, தைத்தது உண்டா, ஒப்புதல் கொடுத்தவர் பெயர். பையன் ஒழுங்காக எழுதுகிறான், கையெழுத்தும் அழகு. முந்தாநாள் போய்ப் பார்த்தேன். ஏழு வரி ஏறியிருக்கிறது. அனுப்பியவர் சொன்ன கனஅளவு என்ற பத்தியில் இரண்டு வரிக்கு எண் இருக்கிறது. மற்ற ஐந்துக்கும் "கேட்டிருக்கிறோம்" என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டிருக்கிறான்.